தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் பெண்ணும் அவள் துணைவனும்

(பெங்களூரில் தமிழ் அன்பர்கள் நடத்திய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, மத்திய அரசின் கோப்புகளோடு முப்பதாண்டு காலம் பழகிவிட்ட ஒருவன், கொலையும் புலன் விசாரணையும் நிறைந்த தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நம் நாட்டில் தொலைக்காட்சி வளர்ச்சிப் பணிக்கான கருவியாகவே கிராமங்களுக்குள் நுழைந்தது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக் கோள் வழியே ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. கர்நாடகமும் அந்த ஆறனுள் ஒன்று. உழவு, உடல்நலம், குடும்பநலம் ஆகியவற்றைத் தொலைக்காட்சி கற்பிக்கும் என்று அன்று திட்டமிட்டவர்கள் நம்பினர்.

கற்பித்தது உண்மை. ஆனால் திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்த பாடத்தை மட்டும் அது கற்பிக்கவில்லை. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள், 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், கோவா, அரியானா, தில்லி ஆகிய இடங்களின் கிராமப்புறக் குடும்பங்களை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கேபிள் தொலைக்காட்சி வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று கருதும் பெண்கள் குறைந்தனர். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பம் தளர்ந்தது. தம் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை ஓரளவு கூடியது. அந்த வீடுகளில் பார்க்கப்பட்டவை வேளாண் நிகழ்ச்சிகள் அல்ல, பெரும்பாலும் குடும்பத் தொடர்கள். அவற்றில் வந்த நகர்ப்புறப் பெண்ணின் நடையுடையும் பேச்சும் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் சொல்லின. ஆகவே கதைத் தொடர்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட என்னைப் போன்ற புள்ளிவிவரக்காரர்களுக்கும் உரிமையில்லை.

அவற்றுள் துப்பறியும் தொடரை இன்று தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதிகாரம், ஆயுதம், சட்டம் ஆகிய மூன்றையும் பெண்ணின் கையில் கொடுத்துப் பார்க்கும் கதை வடிவம் அது ஒன்றே. பெண்ணின் வலிமையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். அவள் அருகில் நிற்கும் ஆணை, அவன் கணவனாயினும் சக அதிகாரியாயினும், கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. அவனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கிட்டியும் கல்யாணியும்

1985-இல் தூர்தர்ஷனில் 'கரம்சந்த்' என்னும் தொடர் வந்தது. பங்கஜ் கபூர் காரட்டைக் கடித்தபடியே துப்பறிவார். அவருடைய உதவியாளராகிய கிட்டி, சுஷ்மிதா முகர்ஜி ஏற்ற பாத்திரம், ஏதேனும் ஓர் அசட்டுக் கேள்வி கேட்பாள். அவளை வாய்மூடச் சொல்லி அவர் அதட்டுவார். நாடே சிரித்தது. நானும் சிரித்தவன்தான். ஆண் மதிநுட்பம் உடையவன் என்று காட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு பேதைப் பெண் தேவைப்பட்டாள் என்பதே அந்த நகைச்சுவையின் பொருள்.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1989-இல், அதே தூர்தர்ஷனில் 'உடான்' வந்தது. கவிதா சௌதரி தாமே எழுதி, இயக்கி, கல்யாணி சிங் என்னும் காவல்துறை அதிகாரியாக நடித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, சர்ஃப் சலவைத்தூள் விளம்பரத்தில் காசைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் லலிதாஜியாகத் தோன்றியவரும் அவரே. பொருளாதார மாணவர்களுக்கு லலிதாஜியைவிடச் சிறந்த ஆசிரியை அமைந்ததில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த இல்லத்தரசி காக்கிச் சட்டை அணிந்து வந்தபோது மக்கள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர்.

கதைக்கு மூலம் கவிதாவின் தமக்கை காஞ்சன் சௌதரி பட்டாச்சார்யா. 1972-இல் கிரண் பேடி இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண்மணியானார். அவரையடுத்து வந்தவர் காஞ்சன். 2004-இல் உத்தராகண்ட் காவல்துறைத் தலைவரானபோது, ஒரு மாநிலத்தின் காவல்துறைக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி என்ற பெருமை அவருக்குக் கிட்டியது. நம் கர்நாடகத்தில் ஜீஜா ஹரிசிங் 1975-ஆம் ஆண்டிலேயே இப்பணிக்கு வந்தவர். மாநிலக் காவல்துறைக்குப் பெண் ஒருவர் தலைமையேற்பதற்கோ 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீலமணி ராஜு அப்பொறுப்பை ஏற்றார்.

'உடான்' தொடரின் சிறப்பு கல்யாணியிடம் மட்டுமில்லை. அவளுடைய தந்தை, விக்ரம் கோகலே நடித்த பாத்திரம், மகளைப் பாரமாகக் கருதவில்லை, நம்பிக்கையாகக் கருதுகிறார். மாவட்ட ஆட்சியராக வரும் சேகர் கபூர், கல்யாணியை அடக்கவும் முயலவில்லை, அவளை மீட்கவும் ஓடிவரவில்லை. அவளோடு பேசுகிறார், அவள் சொல்வதைக் கேட்கிறார். திரையில் இவ்வளவு எளிய செயல் எவ்வளவு அரியது என்பது அடுத்து வந்தவற்றைப் பார்த்தால் விளங்கும். 1990-இல் வெளிவந்த தெலுங்குப் படம் 'கர்தவ்யம்', தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என வந்து விஜயசாந்திக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. கன்னடத்தில் மாலாஸ்ரீ அதே வழியில் சென்றார். அவர்கள் உதைத்தார்கள், சுட்டார்கள், வசனம் பேசினார்கள். ஆண் கதாநாயகனின் சட்டையை அப்படியே பெண்ணுக்கு மாட்டியதைப் போன்ற வலிமை அது. சண்டை முடிந்து அவள் வீட்டுக்குப் போனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அவற்றில் பெரும்பாலும் விடையில்லை.

சமைக்கத் தெரிந்த கணவன்

இக்கேள்விக்கு முதலில் விடை தேடிய தொடர்களுள் ஒன்று அமெரிக்காவின் 'காக்னி அண்டு லேசி'. 1982 முதல் 1988 வரை ஒளிபரப்பாகியது. நியூயார்க்கின் இரு பெண் துப்பறிவாளர்களைப் பற்றிய கதை. தொடக்கத்தில் காக்னியாக நடித்தவர், ஒளிபரப்பு நிறுவனத்தாரின் பார்வைக்குப் பெண்மை குறைந்தவராகத் தோன்றியதால், மாற்றப்பட்டார். 1983-இல் தொடரையே நிறுத்தினார்கள். நேயர்கள் கடிதம் எழுதிக் குவித்த பின்னர் அது மீண்டும் வந்தது. இவையெல்லாம் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. எனக்கு முக்கியமாகப்படுவது லேசியின் கணவனாகிய ஹார்வி. கட்டடத் தொழில் செய்பவன். அடிக்கடி வேலை இல்லாமல் போகும். அப்போது அவன் சமைப்பான், குழந்தைகளைக் கவனிப்பான், இரவில் களைத்து வரும் மனைவியின் பேச்சைக் கேட்பான். சில நேரம் சிணுங்குவான், கோபப்படுவான். அதனாலேயே அவன் உண்மையான மனிதனாகத் தெரிந்தான். அப்பாத்திரத்தில் நடித்த ஜான் கார்லன் 1986-இல் எம்மி விருது பெற்றார்.

1991-இல் இங்கிலாந்தில் வந்த 'பிரைம் சஸ்பெக்ட்' இதற்கு மறுபக்கம். ஹெலன் மிர்ரன் நடித்த ஜேன் டென்னிசன் வழக்கில் வெல்கிறாள். அவளது பணிநேரத்தைப் பொறுக்க மாட்டாமல் உடன் வாழ்ந்தவர் பிரிந்து செல்கிறார். அதன்பின் பல நாடுகளிலும் துப்பறியும் பெண் என்றாலே தனிமைப்பட்டவள், குடும்பம் சிதைந்தவள் என்பது ஓர் இலக்கணமாகவே ஆகிவிட்டது. அறிவும் அதிகாரமும் பெற்ற பெண் வீட்டை விலையாகக் கொடுத்தே தீரவேண்டும் என்பதைப் போல. இதை நான் நடப்பியல் என்று ஏற்கத் தயாராயில்லை. பாதி நடப்பியல், பாதி எழுத்தாளரின் சோம்பல்.

பாதி நடப்பியல் என்று சொன்னதற்குக் கணக்கு உண்டு. மத்திய புள்ளியியல் துறை 2019-இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. சமையல், துப்புரவு முதலிய ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண் ஒருவர் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். 'ஈடுபட்ட' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஒருநாளில் அவ்வேலையைச் செய்தனர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே செய்தனர். எஞ்சிய ஆண்கள் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. 2024-ஆம் ஆண்டு ஆய்வில் பெண்ணின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி என்று நினைப்பதற்குள் அடுத்த எண் கண்ணில் படுகிறது: ஆணின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்திருந்தது. பெண்ணின் சுமையில் குறைந்த பத்து நிமிடத்தை எரிவாயு அடுப்போ குழாய்த் தண்ணீரோ மிக்சியோ வாங்கிக்கொண்டிருக்கலாம். கணவன் வாங்கிக்கொண்டதாகக் கணக்கு காட்டவில்லை.

இந்த எண்களை மனத்தில் கொண்டு அண்மைக்கால இந்தியத் தொடர்களைப் பாருங்கள். 2019-இல் வந்த 'தில்லி கிரைம்' தொடரில் ஷெஃபாலி ஷா நடித்த துணை ஆணையர் வர்த்திகா சதுர்வேதி, இரவு பகலாக நிலையத்திலேயே தங்கி வழக்கை முடிக்கிறார். அவருடைய கணவரும் காவல்துறை உயர் அதிகாரி. புரிந்துகொள்கிறார், துணை நிற்கிறார். 2020-இல் பன்னாட்டு எம்மி விருது பெற்ற முதல் இந்தியத் தொடர் அது, தகுதியான தொடரே. ஆயினும் உயர் அதிகாரியின் வீட்டில் கணவர் பெருந்தன்மையோடு இருப்பது ஒப்பீட்டளவில் எளிது. அடுப்படியில் வேறொருவர் இருப்பார். அதே தொடரின் இரண்டாம் பகுதியில், இளம் அதிகாரி நீதி சிங்குக்குத் திருமணமாகிப் புகுந்த வீட்டின் எதிர்பார்ப்புகளும் பணிநேரமும் மோதும்போதுதான் நம் நடுத்தரக் குடும்பத்தின் முகம் தெரிகிறது. 2021-இல் வந்த 'ஆரண்யக்' இன்னும் நேராகவே பேசுகிறது. ரவீணா டண்டன் நடித்த இன்ஸ்பெக்டர் கஸ்தூரி, குடும்பத்துக்காக ஓராண்டு விடுப்பு எடுக்கிறாள். அவள் இடத்துக்கு வரும் ஆண் அதிகாரி முதலில் போட்டியாளன், பிறகு கூட்டாளி. வீட்டிலோ, அவளைப் புரிந்துகொண்டவர் முன்னாள் காவலரான மாமனார். பணியின் தன்மையை அறிந்த ஆண் எளிதில் இசைந்துவிடுகிறான் என்பது சிந்திக்கத்தக்கது.

தமிழில் 2022-இல் வந்த 'சுழல்' தொடரைச் சொல்லாமல் விட முடியாது. புஷ்கர், காயத்ரி என்னும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உருவாக்கியது. இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டியும், அவருக்குக் கீழே பணிபுரியும் சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையாகக் கதிரும் நடித்தனர். பெண் மேலதிகாரி என்பதைப் பற்றிச் சக்கரை ஓரிடத்திலும் முகம் சுளிப்பதில்லை. தொழில் கற்றுக்கொடுத்தவர் என்ற மரியாதையோடு நடந்துகொள்கிறான். வழக்கின் போக்கில் அவரையே ஐயுற வேண்டிய கட்டாயம் வரும்போதும் அந்த மரியாதை அவனைக் கலங்கச் செய்கிறதேயன்றிப் பகைக்கச் செய்வதில்லை.

கேட்கத் தெரிந்த அதிகாரி

இனி, நமது மாநிலத்தோடு நேரடித் தொடர்புடைய ஒன்றுக்கு வருகிறேன். 2023-இல் வெளிவந்த 'தஹாட்' என்னும் இந்தித் தொடரின் கதை ராஜஸ்தானில் நடக்கிறது. ஆனால் அதைப் பார்த்த கர்நாடகத்தார் பலருக்குத் தம் மாநிலத்தின் வழக்கு ஒன்று உடனே நினைவுக்கு வந்தது. பத்திரிகைகளும் அவ்வாறே ஒப்பிட்டு எழுதின.

2009 அக்டோபரில் தட்சிண கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த மோகன் குமார் என்ற முன்னாள் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கைது செய்யப்பட்டார். வரதட்சிணை இன்றி மணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏழைப் பெண்களை வெளியூருக்கு அழைத்துச் சென்று, கருத்தடை மாத்திரை என்று சொல்லிச் சயனைடைக் கொடுத்துக் கொன்று, நகைகளை எடுத்துச் சென்றார் என்பது வழக்கு. மைசூர், பெங்களூர் உள்ளிட்ட ஊர்களின் பேருந்து நிலையக் கழிப்பறைகளில் அப்பெண்கள் இறந்து கிடந்தனர். மொத்தம் இருபது பேர். 2013-இல் மங்களூர் நீதிமன்றம் முதல் தீர்ப்புகளை வழங்கியது. இருபதாவது வழக்கின் தீர்ப்பு 2020-இல் வந்தது.

இருபது உயிர்கள் போகும்வரை ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை? ஒவ்வொரு சாவும் வெவ்வேறு ஊரில் அடையாளம் தெரியாத பெண்ணின் தற்கொலையாகவோ இயற்கைக்கு மாறான சாவாகவோ பதிவேட்டில் முடிந்துபோனது. வீட்டாரோ, மகள் யாரோடோ போய்விட்டாள் என்று எண்ணி வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. திறந்தவர்களின் சொல்லும் எடுபடவில்லை. காணாமற்போன பெண் ஒருத்தியின் ஊரார் திரண்டு வற்புறுத்திய பிறகே விசாரணை வேகம் பெற்றது. கைப்பேசி அழைப்புப் பட்டியல்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டின. இவ்வழக்கில் நஞ்சு ஒரு கருவி மட்டுமே. வரதட்சிணை கொடுக்க இயலாமல் மணவயது கடந்துபோன மகள்கள் என்ற பொருளாதார நிலைமையே கொலையாளிக்கு வாய்ப்பாக அமைந்தது.

'தஹாட்' இந்த நிலைமையை நன்றாகப் புரிந்துகொண்ட தொடர். சோனாக்‌ஷி சின்ஹா நடித்த சப்-இன்ஸ்பெக்டர் அஞ்சலி பாட்டி தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவள். நிலையத்திலேயே அவள் கடந்து செல்லும்போதெல்லாம் ஊதுபத்தி ஏற்றும் சக ஊழியர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் தாய் ஓயாமல் மாப்பிள்ளைப் படங்களை நீட்டுகிறாள். தங்கையைக் காணவில்லை என்று வரும் ஏழை இளைஞன் ஒருவனின் புகாரை எவரும் பொருட்படுத்தவில்லை. பொய்யாக ஒரு மதச்சாயம் பூசிய பின்னரே நிலையம் விழிக்கிறது. அஞ்சலி மட்டும் அவன் சொன்னதை மீண்டும் மீண்டும் கேட்கிறாள்.

அவளுடைய மேலதிகாரி தேவிலால் சிங். நடித்தவர் நம் பெங்களூரைச் சேர்ந்த குல்ஷன் தேவையா என்பதைச் சற்றே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தேவிலாலை அண்மையில் வந்த ஆண் பாத்திரங்களுள் மிக மதிக்கத்தக்கவராகக் கருதுகிறேன். கைகலப்பில் அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடுவதில்லை. அஞ்சலியின் ஊகத்தை எள்ளி நகையாடாமல், ஆள்பலமும் நேரமும் ஒதுக்கித் தருகிறார். மேலிடத்து நெருக்கடியைத் தாம் தாங்கிக்கொள்கிறார். வீட்டில், வெளியூர்ப் போட்டிக்கு மகளை அனுப்ப வேண்டும் என்று மனைவியோடு வாதாடுகிறார். ஆண் கட்டுப்படுத்துகிறான், பெண் விடுதலை கேட்கிறாள் என்ற வாய்பாட்டை இத்தொடர் இங்கே மாற்றிப் போடுகிறது; அச்சத்தைத் தன் தாயிடமிருந்து பெற்ற தாய், மகளுக்கு அதைக் கொடுக்க நினைக்கிறாள். அஞ்சலியோடு கணவர் பழகுவது பற்றி மனைவிக்கு ஐயமும் உண்டு. தேவிலால் குற்றமற்ற தெய்வமாகக் காட்டப்படவில்லை என்பதும் ஒரு நயம்.

இத்தொடரின் குற்றவாளியை நினைத்துப் பாருங்கள். கல்லூரி ஆசிரியர், மென்மையாகப் பேசுபவர், மனைவி வேலைக்குச் செல்கிறாள், மகனிடம் அன்பு காட்டுகிறார். அதாவது, நாம் விரும்பும் நவீனக் கணவனின் புறத்தோற்றம் முழுவதும் அவரிடம் இருக்கிறது. நல்ல ஆணைப் பேச்சின் இனிமையால் அளக்கலாமா என்று நேயரைத் தடுமாறச் செய்யும் அமைப்பு இது. தேவிலால் சில வேளை கடுமையாகப் பேசுவார். ஆனால் ஒரு பெண் சொன்னதை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார். நம் மாநிலத்து வழக்கில் பல ஆண்டுகள் கிடைக்காமற்போனதும் இந்த ஒரு பண்புதான்.

காவல்துறையில் பெண்கள் 33 விழுக்காடு இருக்கவேண்டும் என்று மத்திய உள்துறை 2013 முதலே மாநிலங்களுக்கு அறிவுறுத்தி வந்திருக்கிறது. 2022 சனவரியில் நாடு முழுவதும் அந்த அளவு 11.75 விழுக்காடு. புகார் கொடுக்க வரும் தாயின் எதிரே மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் பத்தில் ஒன்பது முறை ஆணாகவே இருப்பார் என்பதே இதன் பொருள். பெண் அதிகாரிகளின் எண்ணிக்கை கூடும்வரை, கேட்கத் தெரிந்த ஆண் அதிகாரியும் தேவைப்படுகிறார். பயிற்சிப் பள்ளிகளில் சட்டப் பிரிவுகளோடு 'தஹாட்' தொடரின் முதற்பகுதியையும் காட்டலாம் என்று நான் சொன்னால் பயிற்சித் துறை நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

இந்த அவையில் கதை எழுதுவோரும் தொடர் எடுப்போரும் சிலர் இருப்பதாக அறிகிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இதுவரை நான் சொன்ன கதைகளின் நாயகியர் பெரும்பாலும் ஐ.பி.எஸ். அதிகாரிகள், இன்ஸ்பெக்டர்கள், சப்-இன்ஸ்பெக்டர்கள். நம் காவல்துறையில் பணிபுரியும் பெண்களிலோ பெரும்பான்மையினர் காவலர் நிலையில் இருப்பவர்கள். சிவாஜி நகரிலோ பீன்யாவிலோ இரவுப் பணி முடித்து, காலை ஏழு மணிப் பேருந்தில் வீடு திரும்பும் ஒரு பெண் காவலரை நாயகியாக வைத்துத் தமிழிலோ கன்னடத்திலோ ஒரு தொடர் எழுதுங்கள். வழக்கு எதுவாயினும் இருக்கட்டும். அவள் கதவைத் தட்டும் நேரத்தில் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டது யார், டிபன் டப்பாவில் என்ன இருக்கிறது, அவள் கணவன் முதலில் கேட்கும் கேள்வி என்ன என்பதை மட்டும் முதற்காட்சியிலேயே காட்டிவிடுங்கள்.